சீகாக்

சீகாக் அல்லது கடல்நீர் வால்வு என்பது, படகின் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளைகளைத் திறக்கவும் மூடவும் பயன்படும் வால்வு ஆகும். எந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே வருவதும், கழிவறை நீர் வெளியேறுவதும் இத்தகைய துளைகளின் வழியாகவே நடைபெறுகின்றன. பழைய பாய்மரப் படகுகளில் இவ்வால்வுகள் நாளடைவில் இறுகி, திருப்ப முடியாத நிலையை அடைவதுண்டு.

இறுகுவதன் ஆபத்து

வால்வையும் படகின் உள்ளமைப்புகளையும் நெகிழ்குழாய் இணைக்கிறது. இக்குழாய் வெடித்தாலோ கழன்றாலோ நீரைத் தடுக்க வால்வு ஒன்றே உண்டு. திறந்த நிலையில் இறுகிய வால்வு அவ்வேளையில் பயன்படாது. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே உள்ள 38 மி.மீ. விட்டமுடைய துளையின் வழியாக, டொரிசெல்லி விதிப்படி, பாய்வுக் குணகம் 0.6 எனக் கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் நீர் உட்புகும். சிறிய படகுகளின் நீர் இறைப்பிகள் பலவற்றால் இதனை ஈடுசெய்ய இயலாது.

வகைகள்

* கூம்பு வகை: துளையுள்ள கூம்பு ஒன்று, அதே வடிவிலான உறையினுள் சுழலும். பிரித்தானியாவின் பிளேக்ஸ், அமெரிக்காவின் வில்காக்ஸ்-கிரிட்டென்டன் ஆகிய பெயர்களில் வந்த வெண்கல வால்வுகள் இவ்வகையின.
* பந்து வகை: துளையுள்ள உலோகப் பந்து, டெஃப்லான் வளையங்களுக்கிடையே சுழலும்.
* கதவு வகை: தகடு மேலும் கீழும் நகரும். திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பது பார்த்தவுடன் தெரியாது. எனவே இது படகுகளுக்கு ஏற்றதாகக் கருதப்படுவதில்லை.

இறுகுவதற்கான காரணங்கள்

நீண்டநாள் திருப்பாமல் விடுவதே முதன்மைக் காரணம் ஆகும். கிரீசு கரைந்துபோதல், உலோக அரிப்பு, உப்புப் படிவு, கொட்டலசு போன்ற உயிரிகளின் வளர்ச்சி ஆகியவை பிற காரணங்கள். சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் அரிக்கப்பட்டு நீங்கும். எஞ்சும் செம்பு இளஞ்சிவப்பு நிறத்தில், நுண்துளைகளுடன், வலுவிழந்து காணப்படும். இத்தகைய வால்வைச் சீராக்க முயலாமல் மாற்ற வேண்டும்.

நீரில் மிதக்கும்போது

படகு நீரில் இருக்கும்போது வலுக்கட்டாயமாகத் திருப்புவது, இறுகிய வால்வைவிட ஆபத்தானது. கைப்பிடியில் நீண்ட குழாயை மாட்டித் திருகினாலோ சுத்தியலால் அடித்தாலோ, அரிக்கப்பட்ட வால்வு அடியோடு முறியக்கூடும். கூம்பு வடிவ மென்மர அடைப்பு ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைக் கையால் மட்டும் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்கலாம். அசையாவிட்டால், படகைக் கரையேற்றும் வரை காத்திருப்பதே முறை. ஆயினும் நெகிழ்குழாயும் அதன் பட்டைகளும் நல்ல நிலையில் உள்ளனவா என உடனே பார்க்க வேண்டும்.

கரையேற்றிய பின்

கூம்பு வகையைப் பெரும்பாலும் மீட்க முடியும். ஊடுருவும் எண்ணெயை விட்டு, ஓரிரு நாட்கள் ஊற விட வேண்டும். கூம்பைப் பிடித்திருக்கும் நட்டு அல்லது தகட்டின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். நட்டு உள்ள வகையில், அதனை முழுவதும் கழற்றாமல் திருகின் நுனியில் விட்டு, மரக்கட்டையை இடையில் வைத்து, கூம்பின் சிறிய முனையிலிருந்து மெதுவாகத் தட்ட வேண்டும். உறையை மிதமாகச் சூடாக்கினால் அது விரிந்து பிடி தளரும். ஆனால் தீச்சுவாலை கண்ணாடியிழைப் படகுக்குத் தீங்கானது.

வெளிவந்த கூம்பில் வால்வு தேய்ப்புப் பசையைத் தடவி, உறையினுள் முன்னும் பின்னும் சுழற்ற வேண்டும். இரு பரப்புகளும் ஒரே சீராக மங்கிய நிறம் பெற்றால் அவை நன்கு பொருந்துகின்றன எனலாம். ஆழமான குழிகள் இருப்பின் வால்வை மாற்ற வேண்டும். பின்னர் பசையை முற்றிலும் துடைத்து, நீரில் கரையாத கிரீசு தடவிப் பொருத்த வேண்டும்.

பந்து வகையில், வெளிப்புறத் துளையைச் சுரண்டி, எண்ணெய் விட்டு முயலலாம். பல வால்வுகளைப் பிரிக்க இயலாது என்பதால் மாற்றுவதே வழக்கம்.

தடுப்பு முறைகள்

மாதம் ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுவதும் மூடித் திறப்பது இறுகுவதைப் பெரிதும் தடுக்கும். எந்திரத்தின் வால்வை மூடியிருந்தால், எந்திரத்தை இயக்குமுன் மறவாமல் திறக்க வேண்டும். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதன் அளவுக்கேற்ற மர அடைப்பைக் கட்டிவைப்பது பாய்மரப் படகோட்டிகளின் வழக்கமாகும்.