சித்தம் யாருடையது?
'தெளிந்து தேர்தல்' குறித்துச் சில குறிப்புகள்

'கடவுளின் சித்தம்' என்று பேச்செடுத்தாலே நம் தோழர்களில் பலர் சிரித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் 'அபின்' என்கிற ஒற்றை வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறார்கள். நான் விசுவாசி அல்ல. ஆனால் உறுவையாற்றில் இருந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் வில்லியனூர் லூர்து மாதா கோயிலை வைத்துக்கொண்டு, இந்தப் பேச்சை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு அங்கே கொடியேறிவிட்டால், குளத்தங்கரையில் வந்து நிற்கிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறைய. மகளை இந்த இடத்தில் கட்டிக்கொடுக்கலாமா, வெளிநாட்டு ஏஜெண்டிடம் பணம் கட்டலாமா, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளலாமா என்று எல்லோரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 'அவ என்ன நெனைக்கிறாளோ' என்கிறார்கள். முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கிற மனுஷர் தனக்கு மேலே ஒரு உள்ளத்தைத் தேடுகிறார். அந்தத் தேடலுக்குக் கிறிஸ்தவ மரபு ஒரு முறையியலையே வைத்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் விமர்சிப்பதில் பிரயோஜனமில்லை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். பைபிள் சங்கத் தமிழில் இது 'சித்தம்'. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'திருவுளம்'. இரண்டும் வேறு வேறு உலகங்கள். 'சித்தம்' மனம் சம்பந்தப்பட்ட சொல். 'திருவுளம்' அரண்மனையிலும் சைவக் கோயிலிலும் புழங்கிய சொல். ராஜா திருவுளங்கொண்டால் மானியம் கிடைக்கும். இதே சொல்லிலிருந்துதான் 'திருவுளச்சீட்டு' வருகிறது. கடவுளின் மனசை அறிய மிகப் பழைய வழி சீட்டுப் போடுவது. யூதாசின் இடத்துக்கு மத்தியாசைத் தேர்ந்தபோது அப்போஸ்தலர்கள் சீட்டுத்தான் போட்டார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவிய சபையாரும் அவர்களது ஜெர்மானியத் தாய்ச்சபையில் முக்கிய முடிவுகளுக்குச் சீட்டுப் போடும் வழக்கமுள்ளவர்கள். இன்றைக்கும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, 'இந்த வருஷத்துக்கு எனக்கு வந்த வசனம்' என்று பைக்குள் வைத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறோம். அம்மன் தலையில் பூவைத்து உத்தரவு கேட்பதும், குறி கேட்பதும் இதற்கு ரொம்ப தூரமில்லை.

சீட்டில் ஒரு ஜனநாயகம் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏழைக்கும் பணக்காரருக்கும் அதே அட்டைதான். ஆனால் சீட்டு எதையும் யோசிக்கச் சொல்வதில்லை. முடிவின் பொறுப்பை மனுஷரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 12ஆம் அதிகாரம் வேறு திசையில் போகிறது. மனம் புதுப்பிக்கப்பட்டவர்கள் கடவுளின் சித்தம் எது என்று சோதித்து அறிய வேண்டும் என்பது அங்கே உள்ள வாதம். 'சோதித்தல்' என்பதற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல், உலோகத்தையும் நாணயத்தையும் பரிசோதிப்பதற்கு வழங்கியது. இன்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தெளிந்து தேர்தல்'. தமிழ் படித்தவர்களுக்கு உடனே குறளின் 51ஆம் அதிகாரம், 'தெரிந்துதெளிதல்', ஞாபகம் வரும். அது அரசன் ஆளைத் தேர்வது பற்றியது. அங்கேயும் கட்டளைக்கல் வருகிறது: ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயல்தான் உரைகல். பவுலின் தட்டார் பட்டறையும் வள்ளுவரின் தட்டார் பட்டறையும் ஒன்றுதான். உரசிப் பார்க்காமல் எதையும் ஏற்காதே என்பது இரண்டு இடத்திலும் உள்ள செய்தி.

இந்த உரசலை ஒரு நுட்பமாக வளர்த்தவர் சேசு சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556). 1521இல் பாம்ப்லோனா சண்டையில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தவருக்கு வீரசாகசக் கதைகள் வாசிக்க ஆசை. வீட்டில் கிடைத்ததோ கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர் வரலாறுகளும். பொழுது போகாமல் பகல் கனவு கண்டுகொண்டிருந்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார். சீமாட்டிக்காகச் செய்யப்போகும் வீரச்செயல்களை நினைக்கும்போது இன்பமாயிருக்கிறது, நினைத்து முடிந்ததும் உள்ளே வறண்டுபோகிறது. புனிதர்களைப்போல வாழ்வதாக நினைத்தால் முடிந்தபிறகும் சந்தோஷம் தங்குகிறது. நினைப்பைவிட நினைப்புக்குப் பின்னால் எஞ்சுவது எது என்று பார்ப்பது, அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. மன்ரேசாவில் தங்கியிருந்த காலத்தில் இது குறிப்புகளாகி, 1548இல் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலாக ரோமின் அங்கீகாரம் பெற்றது.

அதன் விதிகளைச் சுருக்கிச் சொல்கிறேன். முடிவெடுக்கும் முன் செல்வமா வறுமையா, புகழா அவமானமா என்பதில் எந்தப் பக்கமும் சாயாத நிலைக்கு வர வேண்டும். மனசு வறண்டு கிடக்கும்போது ஏற்கனவே எடுத்த முடிவை மாற்றக்கூடாது. ரகசியமாக வைத்துக்கொள் என்று கெஞ்சுகிற குரலைச் சந்தேகிக்க வேண்டும். அது கள்ளக்காதலனின் குரல். நல்ல எண்ணம்போலத் தோன்றுவதையும் அதன் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்த்துத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் பிசாசு ஒளியின் தூதன் வேஷத்திலும் வரும். எதுவுமே தெளிவாகவில்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவருக்கு இதே சிக்கலில் என்ன சொல்வாய் என்று யோசி. சாகும் நேரத்தில் எந்த முடிவை எடுத்திருக்க ஆசைப்படுவாய் என்று யோசி. சாதக பாதகங்களைப் பட்டியல் போடு. உணர்ச்சியை நிராகரிக்காமல், அதே நேரத்தில் அதை நம்பியும் விடாமல் வாசிக்கிற முறை இது. தன்னிலையை ஒரு பிரதியாக வாசிப்பது என்று நம் பாஷையில் சொல்லலாம்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். இந்தப் பயிற்சியில் ஊறியவர்கள்தான் புதுச்சேரியில் கோயில் நடத்தினார்கள். 1703இல் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன், 1704 ஜூனில் வெளியிட்ட ஆணையில், சாகக் கிடக்கும் 'பறையர்' கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் குருக்கள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. எழுத வேண்டியிருந்தது என்றால், போகவில்லை என்று அர்த்தம். இழுபறி நாற்பது வருஷம் நடந்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடைசி முடிவைச் சொன்னார். சேசு சபையார் கண்ட வழி, அந்த மக்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்குவது. அடுத்த வருஷம், 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் சம்பா கோயில் விவகாரத்தைப் பதிவு செய்கிறார். கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். ஒடுக்கப்பட்டவர்கள் போய் முறையிட, குரு சுவரை இடிக்கச் சொல்கிறார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழ, விவகாரம் ஆளுநர் துய்ப்ளேக்ஸ் வரை போகிறது. அந்தக் கட்டடத்தையே 1761இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இப்போதுள்ள கோயில் 1791ஆம் வருஷத்தியது.

என் கேள்வி இதுதான். தினமும் தன் மனசைத் தானே உரசிப் பார்க்கப் பழகியவர்களின் உரைகல்லில் அந்தச் சுவர் ஏன் இத்தனை காலம் படவில்லை? குருக்கள் கபடதாரிகள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. 'ஆறுதல்', 'வறட்சி' என்று எந்த உடம்பு உணர்கிறதோ அந்த உடம்பு ஏற்கனவே சாதியால் பழக்கப்பட்ட உடம்பு. சுவரின் இந்தப் பக்கம் நின்று ஜெபித்தவருக்கு மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவு பொய்யில்லை. ஆனால் அதை உண்டாக்கியதில் சுவருக்கும் பங்குண்டு. தீட்டு விலகி நிற்கிறது என்கிற நிம்மதியை ஆண்டவரின் சமாதானம் என்று வாசித்துக்கொள்ள ஒரு விதியும் தடையாக இல்லை என்றுதான் தோன்றும்.

தடையாக ஒரு விதி இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலான பிரசங்கங்கள் விட்டுவிடுகின்றன. இஞ்ஞாசியாரின் முதல் விதியே, நல்ல ஆவி எல்லோரிடமும் ஒரே மாதிரி பேசுவதில்லை என்பது. பாவத்திலிருந்து பாவத்துக்குப் போய்க்கொண்டிருப்பவரிடம் கெட்ட ஆவிதான் இதமாகப் பேசும். நல்ல ஆவி அவருடைய மனச்சாட்சியைக் கொட்டும், குத்தும். இன்னொரு விதியில் ஒரு உவமை: முன்னேறுகிறவரிடம் நல்ல ஆவி பஞ்சில் விழும் தண்ணீர்போல மெதுவாக இறங்குகிறது, சீரழிகிறவரிடம் கல்லில் விழும் தண்ணீர்போலச் சத்தத்தோடு விழுகிறது. அதாவது, 'மனசுக்குச் சமாதானமாயிருக்கு, அதனால இது தேவ சித்தம்' என்கிற வழக்கமான சூத்திரத்தை இந்த மரபே ஒப்புக்கொள்ளவில்லை. நீ எங்கே நிற்கிறாய், எந்தத் திசையில் போகிறாய் என்று கேட்காமல் சமாதானத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது. இந்த விதியைத் தனி ஆத்துமாவோடு நிறுத்தாமல் ஒரு பங்குக்கு, ஒரு ஊருக்கு விரித்துப் பார்த்தால் என்ன ஆகும்? சாதியோடு சௌகரியமாக வாழ்ந்துவரும் ஒரு பங்கில் கடவுளின் குரல் குழப்பமாகத்தான் வரும், சண்டையாகத்தான் கேட்கும். அங்கே அமைதியைச் சந்தேகிக்க வேண்டும்.

இது ஏட்டுச் சமாச்சாரமில்லை. இதே புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது எறையூர் (இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம்). ஜெபமாலை மாதா கோயிலில் தங்களுக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டுக்கு எதிராக, தங்கள் சிற்றாலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்கக் கோரி தலித் கிறிஸ்தவர்கள் 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். செத்தவர்களும் வன்னியக் கிறிஸ்தவர்களே. ஒரே மாதா, ஒரே ஜெபமாலை. 'ஒற்றுமையே இறைச்சித்தம், தனிப்பங்கு பிரிவினை' என்கிற வாதம் இம்மாதிரி நேரத்தில் எப்போதும் வரும். யாருடைய வசதிக்கான ஒற்றுமை அது? சுவர் கட்டியவர் பேசும் ஒற்றுமையும் சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர் கேட்கும் பிரிவும் ஒரே தராசில் வைக்கக்கூடியவையா? ஒடுக்கப்பட்டவரின் கோபத்தை 'கெட்ட ஆவி' என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, சித்தத்தை எழுதுகிறவர் அவர்தான்.

திருச்சபைக்கே இது தெரியாமலில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், 1.9 கோடி இந்தியக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், உயர் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும் ஒப்புக்கொண்டது. தெளிந்து தேரும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில்.

மேசையை விரிக்கும் யோசனையும் இந்த மரபுக்குள்ளேயே கிடக்கிறது. 1539இல் இஞ்ஞாசியாரும் தோழர்களும் தங்களில் ஒருவருக்குக் கீழ்ப்படியும் சபையாவதா வேண்டாமா என்று ரோமில் மாதக்கணக்கில் விவாதித்தார்கள். ஒருநாள் எல்லோரும் எதிரான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும், மறுநாள் எல்லோரும் ஆதரவான காரணங்களை மட்டும். யாரும் தன் கட்சியைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜனவரி வரை புதன்கிழமை உரைகளில் இதே தெளிந்து தேர்தலைத்தான் பேசினார். 2023 அக்டோபர் ஆயர் மாமன்றத்தில் வட்ட மேசைகளில் ஒவ்வொருவரும் பேச, மற்றவர் கேட்டது என்ன என்று அடுத்த சுற்றில் சொல்ல வேண்டும் என்று முறை வகுத்தார்கள். பெண்களுக்கும் முதல்முறையாக ஓட்டுரிமை கிடைத்தது. நல்லது. ஆனால் கேட்பதற்கு முறை வகுத்துவிட்டால் மட்டும் போதாது. பேசினால் வீடு நொறுங்கும் என்கிற பயம் உள்ளவர் அந்த மேசையில் வாய் திறக்க மாட்டார்.

இதையெல்லாம் எழுதுவது கிறிஸ்தவர்களுக்காக மட்டுமல்ல. 'வரலாற்றின் விதி', 'அமைப்பின் முடிவு', 'மக்களின் விருப்பம்' என்று நாமும் நமக்கு மேலே ஒரு உள்ளத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். கமிட்டி கூடி ஏகமனதாக எடுத்த தீர்மானம் நமக்குத் தரும் திருப்தி எங்கிருந்து வருகிறது என்று எத்தனை தடவை உரசிப் பார்த்திருக்கிறோம்? சேரிக் கிளையிலிருந்து வருகிற ஆட்சேபணையை, பெண் தோழர்களின் புகாரை, 'அமைப்பைக் குலைக்கிற வேலை' என்று சொல்லித்தானே தள்ளியிருக்கிறோம். ரகசியமாக வைத்துக்கொள்வோம், வெளியே தெரிந்தால் எதிரிக்கு லாபம் என்று எத்தனை விஷயங்களை மூடியிருக்கிறோம். ரகசியம் கேட்கும் குரலைச் சந்தேகி என்கிற விதியைக் கடவுளை நம்பாதவரும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளும்போது ஒரு திருத்தத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. உரைகல் முடிவெடுக்கிறவரின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கக்கூடாது. அந்த முடிவின் பாரம் யார் தலையில் விழப்போகிறதோ அவர் கையிலும் இருக்க வேண்டும். 1745இல் சுவரை இடிக்கச் சொன்னது ஒரு குருவின் வாய்தான். ஆனால் அதற்கு முன்னால் சுவருக்கு அப்பாலிருந்து சிலர் எழுந்துபோய் முறையிட்டிருக்கிறார்கள். பிள்ளையின் நாட்குறிப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை. தெளிந்து தேர்தலின் வரலாற்றை யாராவது தமிழில் எழுதப்போனால், அந்த முறையீட்டிலிருந்து தொடங்கட்டும்.