ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த அளவு டயர்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்

பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படிக்கும் முன்பே நான் படித்த எழுத்துகள் டயரின் மேல் இருந்த எழுத்துகளே என்றால் நண்பர்கள் நகைப்பார்கள். ஆனால் அது உண்மை. என் தந்தையார் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். கடையில் அடுக்கியிருந்த டயர்களில் இருந்த எண்களை விரலால் தடவித் தடவித்தான் எனக்கு எண்கள் அறிமுகமாயின. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பது மட்டும் கல்லூரிக்கு வந்த பின்னரே விளங்கியது. விளங்கியதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு நிகழ்ச்சி நடந்தது. சிறிய கார் ஒன்றை ஓட்டி வந்த இளைஞர் ஒருவர், தம் வண்டி ஸ்போர்ட்ஸ் கார் போலத் தோன்ற வேண்டும் என்று அகலமான பழைய டயர்கள் நான்கையும் அவற்றுக்கேற்ற அலாய் ரிம்களையும் எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். அவற்றை மாட்டித் தரச் சொன்னார். அப்பா சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது இந்த வண்டிக்கு ஒட்டாது தம்பி" என்றார். "ஏன் ஒட்டாது?" என்று அவர் கேட்டார். அப்பாவுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. முப்பது ஆண்டு அனுபவம் கையில் இருந்தது, வாயில் வரவில்லை. கடைசியில் மாட்டிக் கொடுத்தார்.

மூன்று வாரம் சென்று அவர் திரும்பி வந்தார். திருப்பங்களில் முன் டயர்கள் மட்கார்டின் உட்புறத்தில் உரசி, ஓரத்து ரப்பர் கிழிந்து உள்ளே நூல் தெரிந்தது. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. "நீங்கள்தானே மாட்டினீர்கள்!" என்று அவர் சத்தம் போட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் பேசத் தெரியவில்லை. அன்று சொல்லத் தெரியாத பதிலை இன்று எழுதுகிறேன்.

டயரின் முகவரி

நான் உண்மையான ஸ்போர்ட்ஸ் காரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆயினும் பாடம் கற்க அது போதும். எடுத்துக்காட்டாக ஜப்பான் நாட்டு மஸ்டா நிறுவனம் 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இருவர் மட்டும் அமரக்கூடிய, மேற்கூரையை மடித்துவிடக்கூடிய சிறு கார் அது. எடை ஏறத்தாழ 950 கிலோ. 2016-ஆம் ஆண்டு அதன் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது.

அந்த முதல் வகைக்கு நிறுவனம் கொடுத்த டயரின் அளவு 185/60 ஆர் 14 82 எச் என்பதாகும். இதை ஒரு முகவரி எனக் கொள்ளலாம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் 60 விழுக்காடு என்பதே பொருள். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். ஆர் என்பது ரேடியல் என்ற கட்டமைப்பைக் குறிக்கும். பிரான்சு நாட்டு மிச்சலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற முறை அது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 தாங்கும் எடைக்கும், எச் தாங்கும் வேகத்துக்கும் உரிய குறியீடுகள். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் கலந்திருப்பதால்தான் சாதாரண மக்களுக்கு இது புதிராக இருக்கிறது.

முதல் விதி: வெளிவிட்டம் மாறலாகாது

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். 185-இல் 60 விழுக்காடு 111 மில்லிமீட்டர். இது ரிம்மின் மேலும் கீழும் இருப்பதால் 222 மில்லிமீட்டர். 14 அங்குலம் என்பது 355.6 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் 577.6 மில்லிமீட்டர். இதுவே டயரின் வெளிவிட்டம். சுற்றளவு ஏறத்தாழ 1815 மில்லிமீட்டர். அஃதாவது ஒரு கிலோமீட்டர் செல்ல இந்தச் சக்கரம் 551 முறை சுழல வேண்டும்.

காரின் ஸ்பீடாமீட்டருக்குச் சாலை தெரியாது. சுழற்சி மட்டுமே தெரியும். ஒரு சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்று வைத்தே அது வேகத்தைக் காட்டுகிறது. இப்போது ஒருவர், "ரிம்மை 15 அங்குலமாக்குகிறேன், அகலத்தை 195 ஆக்குகிறேன், 60 அப்படியே இருக்கட்டும்" என்று 195/60 ஆர் 15 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் வெளிவிட்டம் 615 மில்லிமீட்டர். பழையதை விட ஆறரை விழுக்காடு அதிகம். சக்கரம் கிலோமீட்டருக்கு 518 முறைதான் சுழலும். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 106.5 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு இது தெரியாது.

அது மட்டுமன்று. எஞ்சின் தரும் திருக்கு விசை மாறாதிருக்க, சக்கரத்தின் ஆரம் கூடினால் சாலையைத் தள்ளும் விசை குறையும். இது முதலாம் ஆண்டில் நாம் படித்த நெம்புகோல் தத்துவந்தான். வேகமாகப் பாய வேண்டும் என்று பெரிய டயர் போட்டவருக்கு வண்டி முன்னிலும் மந்தமாகப் புறப்படும்!

அப்படியானால் 15 அங்குல ரிம் போடவே கூடாதா? போடலாம். உயரத்தைக் குறைத்து 195/50 ஆர் 15 என்று எடுக்க வேண்டும். கணக்கிட்டால் வெளிவிட்டம் 576 மில்லிமீட்டர். வேறுபாடு வெறும் 1.6 மில்லிமீட்டர். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கார்கள் சிலவற்றில் நிறுவனமே இந்த அளவைத்தான் கொடுத்தது. ரிம் பெரிதாகும் அளவுக்கு ரப்பரின் உயரம் சிறிதாக வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். புதிய டயரின் வெளிவிட்டம் பழையதிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகாதிருப்பது நல்லது என்பது இத்துறையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு.

எங்கள் கடைக்கு வந்த காரில் இருந்தது 165/80 ஆர் 14, விட்டம் 619.6 மில்லிமீட்டர். அந்த இளைஞர் கொண்டுவந்தது 205/65 ஆர் 15; விட்டம் 647.5. விட்டத்தில் 28 மில்லிமீட்டரும் அகலத்தில் 40 மில்லிமீட்டரும் கூடுதல். உரசாமல் என்ன செய்யும்? அப்பாவின் கண் ஒரு பார்வையில் அளந்ததை எனக்கு அளக்க மூன்று பெருக்கல்கள் தேவைப்பட்டன.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா?

அடுத்து வருவது அகலம். இங்கே எனக்கு ஒரு பெரிய ஐயம் எழுந்தது. உராய்வு விசை தொடும் பரப்பளவைப் பொறுத்ததன்று என்று பாடநூல் சொல்கிறது. பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699-இல் வெளியிட்ட விதி இது. அப்படியிருக்க ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏன் அகலமான டயர்? எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "அந்த விதி எந்தப் பொருள்களுக்குப் பொருந்தும் என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டு என்னை நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே விடை கிடைத்தது. அவ்விதி மரம், உலோகம் போன்ற கடினமான பொருள்களுக்குப் பெரிதும் பொருந்தும். ரப்பரோ நெகிழும் பொருள். சாலையின் சிறு சிறு மேடு பள்ளங்களுக்குள் அது புகுந்து பிடித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் அழுத்தம் கூடக்கூட அதன் உராய்வுக் கெழு குறைகிறது. ஆகவே அதே எடையை அதிகப் பரப்பில் பரப்பினால் பிடிப்பு கூடும். வெப்பமும் தேய்மானமும் பகிர்ந்துகொள்ளப்படும்.

ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. டயர் சாலையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தம். எம்.எக்ஸ்-5 காரில் ஓட்டுநரோடு ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 250 கிலோ எடை விழுகிறது. காற்றழுத்தம் 26 பவுண்டு, அஃதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ. வகுத்துப் பார்த்தால் தொடும் பரப்பு சுமார் 139 சதுர சென்டிமீட்டர். ஒருவர் கையை விரித்து வைத்தால் மறையும் இடம், அவ்வளவுதான்! இரண்டு உயிர்கள் அத்தகைய நான்கு கை அளவு ரப்பரை நம்பியே செல்கின்றன. அழுத்தத்தை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்கினால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவந்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். அவ்வடிவம் திருப்பங்களில் உதவும். மழைநீர் தேங்கிய சாலையிலோ அகலமான டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் நீரின் மேல் மிதந்து வழுக்கும் ஆபத்து கூடுகிறது.

உயரம் குறைந்த டயரின் கதையும் இத்தகையதே. பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால் திருப்பத்தில் அதிகம் வளையாது. ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி கீழ்ப்படியும். ஆனால் குழியில் விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் இல்லை. ரிம் நசுங்கும், முதுகும் வலிக்கும்.

ரிம், எடை, வேகம்

டயருக்கு ஏற்ற ரிம் அகலமும் வேண்டும். 195/50 ஆர் 15 டயருக்கு ஐந்தரை முதல் ஏழு அங்குல அகலமுள்ள ரிம் பொருந்தும். அதைவிடக் குறுகலான ரிம்மில் மாட்டினால் டயர் பலூன் போலப் பிதுங்கி நடுப்பகுதி மட்டும் தேயும்.

82 என்ற குறியீடு 475 கிலோவைக் குறிக்கும். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன் சக்கரங்களின் மேல் சாய்வதால் இந்தத் தாராளம் தேவை. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர். வி என்பது 240. டபிள்யூ என்பது 270. நிறுவனம் குறித்ததற்குக் குறைவான எடைக் குறியீடோ வேகக் குறியீடோ உள்ள டயரை விலை மலிவென்று வாங்கலாகாது.

இரு பெரிய எடுத்துக்காட்டுகள்

ஜெர்மனி நாட்டுப் போர்ஷே 911 காரில் எஞ்சின் பின்புறம் இருக்கிறது. ஆகவே பின் சக்கரங்கள் அதிக எடை சுமக்கின்றன. வண்டியைத் தள்ளும் பணியும் அவற்றினுடையதே. 2019-இல் வந்த கரேரா வகையில் முன்னால் 235/40, 19 அங்குலம். பின்னால் 295/35, 20 அங்குலம். எங்கள் கடையில் செய்வதுபோல முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட அங்கே வழியில்லை. நான்கு டயரும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுகூட எல்லா வண்டிக்கும் பொருந்தும் விதியன்று.

மற்றொன்று இதற்கு நேர்மாறு. 2012-இல் டொயோட்டா நிறுவனம் வெளியிட்ட 86 என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கு 215/45 ஆர் 17 என்ற அடக்கமான அளவே கொடுக்கப்பட்டது. அதுவும் எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரியஸ் காருக்கும் பயன்பட்ட அதே வகை மிச்சலின் டயர்! மிதமான வேகத்திலேயே வண்டியின் அசைவை ஓட்டுநர் உணர்ந்து மகிழ வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் நோக்கம். அகலமான டயர் போட அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தேவையில்லை என்பதும் தெரிந்திருந்தது.

முடிவுரை

ஆக, டயர் மாற்ற விரும்புவோர் முதலில் காரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையோ கையேட்டையோ பார்க்க வேண்டும். வெளிவிட்டத்தைக் கணக்கிட வேண்டும். ரிம் அகலம், எடை, வேகம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். முழுத் திருப்பத்தில் மட்கார்டில் உரசாமல் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகே அழகைப் பார்க்கலாம். பெரிய டயர் நல்ல டயர் அன்று. பொருந்தும் டயரே நல்ல டயர்.

சென்ற விடுமுறையில் இந்தக் கணக்கை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கடைச் சுவரில் மாட்டினேன். சில நாள் கழித்து, அகலமான டயர் கேட்டு வேறோர் இளைஞர் வந்தார். அப்பா மறுக்கவில்லை, வாதாடவும் இல்லை. அட்டையைக் காட்டி, "விட்டத்தைப் போட்டுப் பாருங்கள் தம்பி" என்றார். அந்த இளைஞர் தம் கைப்பேசியில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, தாம் கேட்ட அளவைத் தாமே மாற்றிக்கொண்டார்.

அப்பா அறிந்ததைவிட அதிகமாக நான் ஒன்றும் கற்றுவிடவில்லை. அவர் அறிந்ததற்குக் காரணம் சொல்லக் கற்றுக்கொண்டேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம்மைப் போன்றோர் பெற்ற கல்வி, நம்மைப் பெற்றோரின் கைத்தொழிலுக்கும் இவ்வாறு துணை நிற்குமானால் அதைவிட வேறு மகிழ்ச்சி என்ன வேண்டும்!