ஜப்பானில் ஓர் ஆங்கில ஆசிரியை

நம் பள்ளியில் படித்துப் பின் கல்லூரியில் பட்டமும் பெற்ற ஒரு பெண், திருமணமானதும் கணவருடன் ஜப்பான் நாட்டுக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு டோக்கியோ நகரில் கணிப்பொறித் துறையில் வேலை. காலையில் புறப்பட்டால் இரவில்தான் வீடு திரும்புவார். கடைப் பலகையிலுள்ள ஓர் எழுத்தும் அவளுக்குப் புரியாது. ஊரில் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்தவள், அங்கே உப்பு வாங்கவும் சைகை காட்ட வேண்டியிருக்கும். "எனக்கு ஆங்கிலம் தெரியுமே! அதைக் கற்பிக்கலாமே!" என்ற எண்ணம் அப்போது பிறக்கும். நல்ல எண்ணந்தான். அது நிறைவேறும் வழி என்ன என்பதை இங்கே காண்போம்.

அந்நாட்டில் ஆங்கிலம் கற்பிப்போருக்குத் தேவை உண்டு. 2011-ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலப் பயிற்சி கட்டாயமாயிற்று. 2020-இல் அது அவ்வகுப்புகளுக்கு முறையான பாடமாயிற்று. பயிற்சியோ 3-ஆம் வகுப்பிலேயே தொடங்கலாயிற்று. ஆயினும் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. முதற்கண் அனுமதி பெற வேண்டும். கணவரைச் சார்ந்து குடும்பமாகத் தங்க அனுமதி பெற்றவர் அப்படியே வேலைக்குச் செல்லுதல் குற்றம். குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தனி அனுமதி பெற்றால், பொதுவாக வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

இனி, வேலைக்குரிய வாயில்கள் மூன்று.

முதலாவது, அரசுப் பள்ளிகள். இங்கு வகுப்பை நடத்துபவர் ஜப்பானிய ஆசிரியரே. நம்மவர் அவருக்குத் துணையாசிரியையாக நின்று, உச்சரிப்பும் உரையாடலும் பழக்குவார். 1987-இல் ஜப்பானிய அரசு தொடங்கிய 'ஜெட்' திட்டத்தின்படி துணையாசிரியர்கள் வெளிநாடுகளிலிருந்து வருகின்றனர். இதற்கு அவரவர் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே ஜப்பானில் குடியேறிவிட்டவர், ஊர்க் கல்விக் குழுவையோ ஆசிரியர்களை அமர்த்தித் தரும் நிறுவனங்களையோ அணுகலாம். அங்குக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே குளிர்காலத்திலேயே முயற்சி தொடங்க வேண்டும்.

இரண்டாவது, 'எய்காய்வா' எனப்படும் தனியார் ஆங்கில உரையாடல் பள்ளிகள். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் செல்வோரும் படிக்க வருவதால், வகுப்புகள் பெரும்பாலும் மாலையிலும் சனிக்கிழமையிலும் நடக்கும்.

மூன்றாவது, ஆங்கிலத்தையே பயிற்று மொழியாகக் கொண்ட பன்னாட்டுப் பள்ளிகள். இந்தியர் மிகுதியாக வாழும் நிஷி-கசாய் என்னும் இடம் டோக்கியோவின் எடோகாவாப் பகுதியில் உள்ளது. அவர்களின் பிள்ளைகளுக்காக 2004-லிலும் 2006-லிலும் டோக்கியோவில் இந்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஜப்பானியப் பெற்றோர் சிலரும் தம் மக்களை அங்குச் சேர்க்கின்றனர். பி.எட். பட்டத்துக்கு இங்கே மதிப்பு உண்டு.

புறப்படுமுன் நம் பெண் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டிய முக்கியமான தாள்கள் சில உள. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பணி அனுபவச் சான்று ஆகியவற்றை அனைவரும் அறிவர். பலர் மறப்பது பயிற்று மொழிச் சான்றிதழை. பள்ளிகளில் அயல்மொழி கற்பிப்பதற்கென ஜப்பான் வழங்கும் குடியிருப்புத் தகுதியைப் பெற, அந்த மொழி வழியாகவே 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் கல்வி பயின்றிருக்க வேண்டும் என்பது விதி. கடல் கடந்த பிறகு இச்சான்றிதழுக்காகக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, இங்கிருக்கும்போதே தலைமை ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டுப் பெறுவது எளிதல்லவா? தமிழ் வழியில் படித்த சகோதரிகள் மனம் தளர வேண்டாம். உரையாடல் பள்ளிகளும் வீட்டு வகுப்புகளும் அவர்களுக்கும் உண்டு.

வேலைக்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பாஸ்போர்ட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். சம்பளமும் வேலை நேரமும் எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு தடை நிற்கும். "ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டும்" என்று சில விளம்பரங்கள் கூறும். அதைப் படிக்கும் நம் பெண்ணின் முகம் வாடும். 'என் ஆங்கிலம் ஆங்கிலமே இல்லையோ?' என்று தோன்றும். அந்த வேளையில் அவள் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயப் பெண்ணுக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்தது. நமக்கோ அது கரும்பலகையின் முன் அமர்ந்து வந்தது. எனவே, அதைக் கற்கும் பாதையில் எங்கே கல், எங்கே முள் என்பது நம் காலுக்குத் தெரியும். ஜப்பானியச் சிறுவன் 'மில்க்' என்பதை 'மிருக்கு' என்கிறான். தன் மொழிப் பழக்கத்தால் மெய்யெழுத்தில் சொல்லை முடிக்க மாட்டாமல் ஓர் உயிரைச் சேர்த்துவிடுகிறான். 'பஸ்ஸு' என்றும் 'இஸ்கூலு' என்றும் சொல்லும் நம் பாட்டியும் அதைத்தானே செய்கிறார்! ஜப்பானிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், தமிழில் வருவது போலவே. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'தி' என்னும் சிறு சொற்கள் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. ஆகவே அச்சிறுவன் தடுமாறும் இடங்களில் பல, நாம் ஐந்தாம் வகுப்பில் தடுமாறிய இடங்களே. நமக்கு அன்று திருத்தம் சொல்லித் தந்த ஆசிரியையின் பொறுமையை நாம் அவனுக்குக் காட்டலாம்.

இந்தத் திறமை வெளிப்படுமிடம் மாதிரி வகுப்பு. நேர்முகத் தேர்வில் சில நிமிடங்கள் பாடம் நடத்தச் சொல்வதுண்டு. அங்கே நம் ஆங்கிலப் புலமையைக் கொட்டிக் காட்ட வேண்டாம். ஒரு படத்தைக் காட்டி, ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்பித்து, எதிரே இருப்பவரைப் பேச வைத்தால் போதும். ஆசிரியை குறைவாகப் பேசி மாணவர் நிறையப் பேசும் வகுப்பே நல்ல மொழி வகுப்பு.

மற்றொன்று, கற்பிக்கச் செல்பவர் தாமும் கற்க வேண்டும். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியாதவர். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, கைமணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1549-இல், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளாகிய ஆகஸ்டு 15 அன்று, ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கிய அவர், குழந்தையைப் போல மறுபடியும் ஒரு மொழியை முதலெழுத்திலிருந்து தொடங்கினார். அப்படியிருக்க, நாம் வெட்கப்படலாமா? அந்நாட்டின் பல ஊர்களில் தொண்டர்கள் புதியவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கிறார்கள். யோட்சுயாவிலுள்ள புனித இக்னேஷியஸ் ஆலயம் போன்ற இடங்களில் ஆங்கிலத் திருப்பலியும் உண்டு. முதல் தோழியும் முதல் மாணவியும் அங்கே கிடைக்கக்கூடும்.

அன்புத் தங்கையரே, நீங்கள் ஜப்பானுக்குச் செல்லாமலிருக்கலாம். வேறு நாட்டுக்குச் செல்லலாம். அந்தந்த நாட்டின் விதி வேறு, ஆவணம் வேறு. ஆனால் கற்றுக்கொண்டபோது பட்ட சிரமத்தை மறவாதவளே நல்ல ஆசிரியை என்பது எங்கும் ஒன்றே. இன்று நீங்கள் ஆங்கில வகுப்பில் செய்யும் பிழைகளுக்காக அழாதீர்கள். அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள், எங்கோ ஒரு குழந்தைக்கு வழிகாட்ட அவை உதவும்.