டி.பி. குணமான பின்னும் சளியில் ரத்தமா? பூஞ்சையாகவும் இருக்கலாம்

மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு டி.பி. குணமானவருக்குச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் இருமல். உடல் இளைக்கிறது, சளியில் ரத்தம் வருகிறது. எக்ஸ்-ரேயில் பழைய குழி தெரிகிறது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் ‘டி.பி. திரும்பிவிட்டது’ என்று அதே மாத்திரைகளை மறுபடி தொடங்கிவிடுவது உண்டு. இவர்களில் சிலருக்கு வந்திருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் உண்டாகும் நாள்பட்ட நுரையீரல் தொற்று.

எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கும் வருமா?

வரும். மண்ணிலும் மட்கும் இலைதழைகளிலும் வளரும் இந்தப் பூஞ்சையின் வித்துகளை எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை அழித்துவிடும். டி.பி. விட்டுச்சென்ற குழிக்குள் மட்டும் உடலின் காவல் செல்கள் சரியாக எட்டுவதில்லை. பிரிட்டனில் 1960களின் இறுதியில், டி.பி. குணமாகியும் 2.5 செ.மீ. அல்லது அதைவிடப் பெரிய குழி இருந்த 544 பேரைப் பரிசோதித்தார்கள். கால்வாசிப் பேரின் ரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

எப்படி உறுதிசெய்வது?

ஒரே பரிசோதனையை வைத்து முடிவுசெய்ய முடியாது. சளியில் பூஞ்சை வளர்ந்தாலும் அது மூச்சோடு வந்து தங்கியதாக இருக்கலாம். வளராததால் நோய் இல்லை என்றும் ஆகாது. ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இந்தப் பூஞ்சையைக் கண்டறிய உதவும் காலக்டோமன்னன் ரத்தப் பரிசோதனையும் இங்கே பெரும்பாலும் கைகொடுக்காது. பூஞ்சை ரத்தக்குழாய்களைத் துளைக்காமல் குழியோடு நின்றுவிடுவதே காரணம்.

மூன்று மாதமாவது நீடிக்கும் தொல்லை, சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி ஆன்டிபாடி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் மருத்துவர்கள். ஸ்கேனில் குழியின் சுவர் தடித்திருக்கும். சிலருக்கு உள்ளே பூஞ்சை உருண்டையும் அதன் மேல் பிறை வடிவக் காற்று இடைவெளியும் தெரியும். குப்புறப் படுக்கவைத்து எடுத்தால் உருண்டை இடம் மாறியிருக்கும்.

டி.பி., புற்றுநோய் இரண்டும் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். டி.பி.யைக் கண்டறியும் சிபிநாட் பரிசோதனை செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டக்கூடும் என்பதால், முன்பே டி.பி. வந்தவருக்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை முக்கியம்.

மாறிப்போனால் என்ன?

பூஞ்சைக்கு இட்ராகொனசோல் போன்ற மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின், ரத்தத்தில் இட்ராகொனசோலின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பயன் தராது.

டி.பி. வந்து போனவர்கள் பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. குழி மாறியிருக்கிறதா என்று ஒப்பிட அவைதான் உதவும். சளியில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாமல் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். அதிகமாக வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டி.பி. மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னால், பூஞ்சைக்குப் பரிசோதித்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.