நாலு வீலும் சுத்தும்... தண்ணிக்குள்ள போகுமா?

பின்பக்கக் கதவுல ஸ்டெப்னியைத் தொங்கவிட்டுக்கிட்டு, யானைக்குட்டி மாதிரி ஒரு வண்டி போறதைப் பார்த்திருப்பீங்க. டாடா சஃபாரி. அதுல '4×4'னு ஒரு ஸ்டிக்கர் இருந்துட்டா போதும், 'மச்சி, இது மலையே ஏறும்டா!'னு பஸ் ஸ்டாப்புல ஒரு குரல் கேட்கும்.

நானும் அப்படி நம்பினவதான். சிதம்பரத்துல மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். (எழுத்துலதாங்க அவ்வளவு நீளம். பஸ் கண்டக்டர்ல இருந்து பூக்கார அக்கா வரைக்கும் எல்லாருக்கும் அது திருப்பாப்புலியூர்தான்!) எங்க பெரியப்பாகிட்ட 2008-ம் வருஷத்து சஃபாரி ஒண்ணு இருக்கு. 2.2 லிட்டர் டைகார், நிஜமான 4×4. 'நிஜமான'னு ஏன் சொல்றேன்னா, ரோட்டுல ஓடின சஃபாரிகள்ல பின்சக்கரம் மட்டுமே இழுக்கற 4×2-வும் உண்டு. வெளியே இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.

முதல்ல கொஞ்சம் ஹிஸ்டரி

1985-ல மாருதி ஜிப்ஸி வந்தது. 1991-ல டாடா சியரா. 1998-ல சஃபாரி. 'ஜீப் மாதிரி காட்டுலயும் போகணும், குடும்பத்தோட கல்யாணத்துக்கும் போகணும்'னு நினைச்சவங்களுக்கு அது கனவு வண்டி. பின்னாடி எதிரெதிரா ரெண்டு குட்டி சீட் இருக்கும். எங்க வீட்டுப் பசங்க எல்லாரும் அதுல சண்டை போட்டுத்தான் வளர்ந்தோம்.

ஆரம்பத்துல 1948 சி.சி. டர்போ டீசல். 2005-ல 3 லிட்டர் டைகார். 2007-ல 2.2 லிட்டர் டைகார்: 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். 2012-ல ஸ்டார்ம். 2019-ல உற்பத்தி நின்னுச்சு. 2021-ல அதே பேர்ல வந்த புது சஃபாரி வேற ஜாதி. அதுல இன்ஜின் இழுக்கறது முன்சக்கரங்களை மட்டும்தான்.

பழைய சஃபாரியோட உடம்பை லாரி மாதிரி நினைச்சுக்குங்க. ரெண்டு நீளமான இரும்புச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள். ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி. அதனால பேரே லேடர் ஃப்ரேம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அதுலதான். பாடி மேல உட்கார்ந்திருக்கும். பள்ளத்துல சக்கரம் விழுந்தா அடியைத் தாங்கறது ஃப்ரேம். பின்னாடி காயில் ஸ்பிரிங் இருக்கறதால, லாரி மாதிரி இடுப்பை ஒடிக்காது.

மணல் எடுத்த முதல் கிளாஸ்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒருநாள். பெரியப்பாகிட்ட கேட்காம, நானும் அண்ணனும் வண்டியை எடுத்துக்கிட்டு கடலோரச் சவுக்குத் தோப்பு வழியா போனோம். மணல் வந்துச்சு. அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சார். பின்சக்கரம் ஒண்ணு 'விர்ர்ர்'னு சுத்தி, தனக்குத்தானே குழி தோண்டிக்கிட்டு உட்கார்ந்திடுச்சு. ரெண்டு டன் வண்டி. ஆள் போட்டுத் தள்ளினாலும் அசையலை.

ஏன் இப்படி? வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகணும், உள்பக்கச் சக்கரம் குறைவா போகணும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். ஆனா அதுக்கு ஒரு பலவீனம்: ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிமானம் இல்லாம வழுக்கினா, மத்த சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். 320 நியூட்டன் மீட்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லை!

போன் போட்டோம். டி.வி.எஸ். ஃபிஃப்டியில வந்து இறங்கின பெரியப்பா திட்டலை. அது இன்னும் பயமா இருந்துச்சு. நாலு டயர்லயும் 32-ல இருந்த காத்தை 18-க்கு இறக்கினார். டயர் மணல்ல அகலமா படிஞ்சுது. டாஷ்போர்டுல இருக்கற குமிழை 'ஃபோர் லோ'வுக்குத் திருப்பினார். கிளட்ச்சை மெதுவா விட்டார். வண்டி ஆமை மாதிரி ஊர்ந்து வெளியே வந்திடுச்சு!

கியர்பாக்ஸுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒரு பெட்டி இருக்கு. அதுதான் இன்ஜின் சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் அனுப்புது. 'டூ ஹை'ல பின்சக்கரம் மட்டும். 'ஃபோர் ஹை'ல நாலும். 'ஃபோர் லோ'ல நாலும் சேர்ந்து, வேகம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு குறையும், இழுக்கற சக்தி அதே இரண்டரை மடங்கு கூடும். 'ஃபோர் ஹை'யை ஓடும்போதே போடலாம். 'ஃபோர் லோ'வுக்கு வண்டியை நிறுத்தணும்.

தார் ரோடு எடுத்த ரெண்டாவது கிளாஸ்

விஷயம் தெரிஞ்சதும் எனக்குத் தலை கனம் ஏறிடுச்சு. காஞ்ச தார் ரோட்டுல 'ஃபோர் ஹை' போட்டு யூ டர்ன் அடிச்சேன். ஸ்டீயரிங் கல்லு மாதிரி இறுகிடுச்சு, வண்டி பிரேக் பிடிச்ச மாதிரி குலுங்குச்சு.

'ஏம்மா... மெக்கானிக்கல்தானே படிக்கிற?'னு மட்டும் கேட்டார் பெரியப்பா. மானம் போச்சு!

திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் அடிக்குது. 'ஃபோர் ஹை'ல ரெண்டு ஆக்ஸிலும் ஒரே வேகத்துல பூட்டப்பட்டிருக்கு. மணல்லயும் சேத்துலயும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி பண்ணிக்கும். தார் ரோட்டுல வழுக்காது. அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்ட்லயும் டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் போய் ஏறும். இந்த மாதிரி 'பார்ட் டைம்' 4×4-ஐ காஞ்ச ரோட்டுல போடவே கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

தண்ணி எடுத்த மூணாவது கிளாஸ்

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ரெண்டு நாள்கூட முழுசா ஆகலை. சாத்தனூர் அணையிலிருந்து அதிகாலையில விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தாங்க. தென்பெண்ணை பொங்கிக்கிட்டு கடலூருக்கு வந்துச்சு. நாணமேடு பக்கத்துல இருக்கற எங்க அத்தை போன் பண்ணி, 'வாசல்ல தண்ணி வந்துடுச்சு'ன்னாங்க.

சஃபாரியில கிளம்பினோம். ரோடு முடிஞ்சு தண்ணி ஆரம்பிக்கற இடத்துல பெரியப்பா வண்டியை நிறுத்தினார். மூங்கில் கழியை எடுத்துக்கிட்டு இறங்கினார். பத்தடி போறதுக்குள்ள தொடை வரைக்கும் தண்ணி, செம்மண் கலர்ல இழுத்துக்கிட்டு ஓடுது.

'ஃபோர் லோ போடுங்க பெரியப்பா, போயிடலாம்!'னு நான் கத்தினேன். அத்தை வீடு கண்ணுக்குத் தெரியுது. அவர் திரும்பி வந்து இன்ஜினை ஆஃப் பண்ணினார். அந்த நிமிஷம் அவர் மேல எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கொஞ்ச நேரத்துல மீட்புப் படகு வந்துச்சு. அத்தை குடும்பத்தையும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கொண்டுவந்து கரையில விட்டாங்க. அங்கிருந்து ஆரம்பிச்சது சஃபாரியோட வேலை. ரோடு முழுக்க வண்டல், மத்த வண்டிங்க வழுக்கி நிக்குது. 'ஃபோர் ஹை' போட்டு, குட்டி சீட்டுல எல்லாம் ஆளை அடைச்சு, மூணு நடை அடிச்சார். ஒரு தடவைகூட சக்கரம் சுத்தி நிக்கலை.

அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க. வண்டி நீளம் நாலரை மீட்டர், அகலம் 1.8 மீட்டர்னு வச்சுக்கிட்டா பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். தண்ணி ஃப்ளோருக்கு மேல 10 சென்டிமீட்டர் ஏறினா, ஆர்க்கிமிடீஸ் தாத்தா கீழே இருந்து 800 கிலோ தூக்குவார். 25 சென்டிமீட்டர் ஏறினா ரெண்டு டன். அதாவது முழு வண்டி! தண்ணி உள்ளே புகறதுக்குள்ள டயர் தரையை விட்டுடும். பிடிமானமே இல்லாத இடத்துல நாலு வீல் சுத்தினா என்ன, நாற்பது வீல் சுத்தினா என்ன?

இன்னொரு ஆபத்தும் இருக்கு. காத்து போற வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிட்டா, பிஸ்டனால அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். நின்னுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணினா கதை முடிஞ்சுது.

அந்தப் பக்கத்தைப் பெரியப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சவர், 'இவ்வளவு கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கழி சொன்னதைத்தான் கேட்டேன்'ன்னார்.

வண்டிக்கு 2023-ல 15 வயசு முடிஞ்சு, 5,000 ரூபாய் கட்டணத்துல ஆர்.சி.யைப் புதுப்பிச்சோம். 2028-ல மறுபடி புதுப்பிக்கணும். 20 வயசு தாண்டின கார்களுக்குக் கட்டணம் 2025-ல 10,000 ஆகிடுச்சு. 'இரும்புக் கடையில போட்டுடுங்க'னு சொல்றவங்க சொல்லட்டும். அவர் இன்னும் முடிவு பண்ணலை. ஆனா ஞாயித்துக்கிழமை சாவி என்கிட்டதான். ஒரே கண்டிஷன்: பின்சீட்டுக்கு அடியில இருக்கற மூங்கில் கழியை வெளியே எடுத்துப் போடக் கூடாது!