அப்பாவின் உளியும் எண்ணெய்க் கிணறும்

பள்ளிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் என் அப்பா பாய்லர் ஓட்டுகிறார். போர் தண்ணி. பாய்லரை நிறுத்தும் நாளில் டியூபில் ஒட்டிய உப்புப் படிவை உளியால் கொத்துவார். அன்று ராத்திரி முழுக்க இருமல்தான். "மருந்துதான் போடறோமே கண்ணு, அப்புறமும் ஏன் ஒட்டுது?" என்று கேட்டார்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானால் கார்பன்-டை-ஆக்ஸைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. எண்ணெய்க் கிணற்றில் சூட்டோடு அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். நம் காவிரி கடல் சேரும் பக்கம், நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்களே, அப்படிப்பட்ட கிணறுகளில் எண்ணெயோடு உப்புநீரும் ஏறி வரும். மேலே வர வர அழுத்தம் குறையும். கோலி சோடாவைத் திறந்த மாதிரி வாயு பிரியும், குழாயில் படிவு ஒட்டும். அங்கே உளியோடு யார் இறங்குவது?

அதற்காக பாஸ்போனேட் மருந்து விடுகிறார்கள். பத்து லட்சம் பங்கு நீருக்குச் சில பங்கே போதும். அது கால்சியத்தை நீக்குவதில்லை. படிகம் வளரும் விளிம்பில் உட்கார்ந்து வளரவிடாமல் தடுக்கிறது.

சிக்கல் இனிமேல்தான். கொஞ்சம் கால்சியம் இருந்தால் மருந்து படிகத்தில் நன்றாகப் பிடிக்கும். கால்சியமும் சூடும் மிஞ்சினாலோ மருந்தே கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். மேலும் ஊற்றினால் அதுவும் படிவுதான்! நீரில் அமிலத்தன்மை கூடினால் பாஸ்போனேட்டின் ஹைட்ரஜன் பிரியாது, பிடிப்பு தளரும். இரும்பு கலந்தாலும் கெடுதல். எனவே முதலில் நீரைச் சோதித்து, பிறகுதான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பாய்லர் மருந்து வேறு ரகம். ஆனால் பட்டறையில் வருஷம் முழுக்க ஒரே அளவு! ஒரு பாட்டில் தண்ணீரை நம் கெமிஸ்ட்ரி லேபுக்குக் கொண்டுவந்தேன். சிவப்பு நீலமாக மாறுவதற்குள் பியூரெட்டை இரண்டாம் தடவை நிரப்ப வேண்டியதாயிற்று. சித்திரைத் தண்ணியும் ஒரு பாட்டில் பிடித்து வைப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.