கறிவேப்பிலைத் தொட்டியும் ஒரு பூங்காதான்: மேலூரில் புதுவரவுகள் வருவது எப்படி?

தென்னூரில் ஞாயிற்றுக்கிழமை காலை. உழவர் சந்தைக்குப் போய்வந்தாச்சு. பிள்ளைகள் கேட்கிறார்கள்: "இன்னைக்கு ஜூவுக்குப் போலாமா?" வண்டலூர் உயிரியல் பூங்கா இங்கிருந்து சுமார் 300 கி.மீ. நினைத்தவுடன் கிளம்பிப் போய்வர முடியாது. ஆனால் காவிரிப் பாலத்தைத் தாண்டினால், தினமும் புதிய உயிர்கள் பிறக்கும் ஓர் இடம் நம் ஊரிலேயே இருக்கு. அதுதான் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சி பூங்கா.

அங்கே புதுவரவுகள் எப்படி வருகின்றன, எப்படிப் பிறக்கின்றன, அவற்றின் இருப்பிடத்தை எப்படி மேம்படுத்துகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், அதே வேலையில் ஒரு பங்கை உங்கள் வீட்டு மாடியிலும் செய்யலாம்.

பெரிய பூங்காக்களில் புதுவரவு

முதலில் வழக்கமான உயிரியல் பூங்காவைப் பார்ப்போம். சென்னையில் 1855-இல் தொடங்கிய பழைய விலங்குக் காட்சிசாலைதான் 1985-இல் வண்டலூருக்கு இடம் மாறியது. இடநெருக்கடியில் இருந்த விலங்குகளுக்கு அங்கே சுமார் 600 எக்டேர் காட்டு நிலம் கிடைத்தது. கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்தவெளி இருப்பிடங்கள் அமைந்தன.

இப்படிப்பட்ட பூங்காவுக்கு ஒரு புலியையோ சிங்கத்தையோ கடையில் வாங்குவது போல வாங்கிவிட முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி, அங்கீகரிக்கப்பட்ட இன்னொரு பூங்காவிலிருந்து, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதியோடுதான் விலங்குப் பரிமாற்றம் நடக்கும். வந்த விலங்கை உடனே பார்வைக்கு விடமாட்டார்கள். நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சில வாரங்கள் தனிமையில் வைத்திருப்பார்கள்.

குட்டி பிறந்தாலும் அப்படித்தான். தாயும் குட்டியும் அமைதியாக இருக்க வேண்டும் என்பதால், கேமரா மூலம் தூரத்திலிருந்தே கண்காணிப்பார்கள். நெருங்கிய ரத்த உறவுள்ள விலங்குகளுக்கிடையே இனப்பெருக்கம் நடந்தால் அடுத்த தலைமுறை பலவீனமாகும். பூங்காக்கள் விலங்குகளைப் பரிமாறிக்கொள்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

நம் மாவட்டத்திலேயே, சமயபுரத்தைத் தாண்டி, எம்.ஆர்.பாளையத்தில் யானைகள் மறுவாழ்வு மையம் 2019 முதல் இயங்குகிறது. தனியார் வசமிருந்து மீட்கப்பட்ட யானைகள் அங்கே பராமரிக்கப்படுகின்றன. ஆனால் அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல. அந்த யானைகளுக்குத் தேவை ஓய்வும் நடமாட இடமும்தான்.

மேலூரில் கதையே வேறு

மேலூர் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணை காப்புக்காட்டில் 25 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கிறது. இதுவரை 100-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. இனப்பெருக்க ஆய்வகமும் இருக்கு. ஆனாலும் நீங்கள் திறந்தவெளியில் பார்க்கும் பெரும்பாலான பூச்சிகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. செடியைத் தேடி அவையே வந்தன.

எந்தச் செடி? இங்கேதான் நம்மில் பலர் தவறாக நினைக்கிறோம். பூச்செடி இருந்தால் போதும், வண்ணத்துப்பூச்சி வந்துவிடும் என்று நினைக்கிறோம். பூவில் தேன் குடித்துவிட்டு அது போய்விடும். அங்கேயே முட்டையிட்டுப் பெருக வேண்டுமானால், அதன் புழு தின்னக்கூடிய இலை வேண்டும். ஒவ்வோர் இனத்தின் புழுவும் சில குறிப்பிட்ட செடிகளை மட்டுமே தின்னும்:

• கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை – கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி
• எருக்கு – வெந்தய வரியன்
• கொன்றை வகைகள் – மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்கும் கொன்றை வெள்ளையன்
• அரளி – கருப்பன் இனங்கள்

எருக்கம்பால் நமக்கு நஞ்சு. வெந்தய வரியனின் புழுவோ அந்த இலையைத் தின்றே வளர்கிறது. அந்த நஞ்சு உடம்பில் தங்குவதால், பறவைகள் அதைத் தொடத் தயங்கும். பாதையோர எருக்கை வெட்டி எறியும்போது ஓர் இனத்தின் சாப்பாட்டையே எடுத்துவிடுகிறோம்.

ஒரு பிறப்பின் கணக்கு

கறிவேப்பிலை அழகியை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பூச்சிக்குச் சுவை தெரிவது காலில். இலைமேல் உட்கார்ந்து, முன்னங்காலால் தட்டிப் பார்த்து, சரியான செடிதான் என்று தெரிந்தபிறகே முட்டையிடும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். புழுவின் முதல் சாப்பாடு பெரும்பாலும் முட்டை ஓடுதான்.

சின்னப் புழு பார்ப்பதற்கு அச்சு அசலாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். பசியோடு வரும் பறவை ஏமாந்து போகும். வளர்ந்ததும் இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அதைத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு போலச் சிவப்பாக ஒன்றை நீட்டும். கெட்ட வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம், அது கடிக்காது, கொட்டாது.

இரண்டு மூன்று வாரம் தின்று வளர்ந்தபின் கூட்டுப்புழுவாகும். பத்து நாள் வாக்கில் கூடு வெடித்து, ஈர இறக்கையோடு பூச்சி வெளியே வரும். இறக்கை விரிந்து உலரும்வரை அதைத் தொடவே கூடாது. "உதவி செய்றோம்" என்று கூட்டைப் பிய்த்தால், இறக்கை சரியாக விரியாமல் போய், அது பறக்கவே முடியாது. முட்டையிலிருந்து பூச்சிவரை மொத்தம் சுமார் ஒரு மாதம்.

இந்த ஒரு மாதத்துக்குள் யாராவது செடிக்கு ஒருமுறை பூச்சிமருந்து அடித்தால் போதும், கதை முடிந்தது. இட்ட முட்டைகளில் பூச்சியாகப் பறப்பவை இயற்கையிலேயே சிலதான். பல்லி, சிலந்தி, குளவி, எறும்பு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதையும் நாம் மருந்தடித்துக் கொன்றால், அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் இருக்காது.

இருப்பிட மேம்பாடு என்றால்...

புலிக்கு இருப்பிடத்தை மேம்படுத்துவது என்றால் அகழி, நீர்த்தொட்டி, நிழல். வண்ணத்துப்பூச்சிக்கு நான்கே நான்கு: புழுவுக்கு இலை, பூச்சிக்குத் தேன்பூ, வெயில் படும் இடம், ஈர மண். ஈர மணலில் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை ஆண் பூச்சிகள். மண்ணிலுள்ள உப்புச்சத்தை உறிஞ்ச வருபவை.

இந்த நான்கையும் தென்னூர் மாடியிலேயே தரலாம்:

1. இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள். ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் செடியில் புழு தெரிந்தால், இலையோடு கிள்ளி மற்றதில் வையுங்கள்.
2. இரண்டிலுமே பூச்சிமருந்து வேண்டாம். புழு தின்ற செடி மறுபடி துளிர்த்துவிடும்.
3. பக்கத்தில் ஓர் இட்லிப்பூச் செடி வையுங்கள்.
4. ஒரு தட்டில் மணல் போட்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள்.

உங்கள் மொபைலில்

• பூங்காவுக்குக் கிளம்பும் முன், கூகுள் மேப்ஸில் நேரத்தையும் வார விடுமுறையையும் பாருங்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் பேருந்தில் போய், அங்கிருந்து ஆட்டோவில் மேலூர் போகலாம்.
• மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில், வெயில் ஏறும் காலை நேரத்தில் போனால் நிறையப் பார்க்கலாம்.
• படம் எடுங்கள், பிடிக்காதீர்கள். விரலில் ஒட்டும் பொடி, இறக்கையின் செதில்கள். அவை திரும்ப முளைக்காது.
• எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடத்தோடும் தேதியோடும் பதிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் மற்ற உறுப்பினர்கள் சொல்வார்கள். எந்தப் பூச்சி எந்த மாதம் எங்கே வருகிறது என்று ஆய்வாளர்கள் தெரிந்துகொள்ள இது உதவும்.
• வீட்டில் மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு உயிரினம் வளர்க்கிறீர்களா? 2024 விதிகளின்படி, பட்டியலில் உள்ள இனங்களை 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதோ குற்றம். அதைத் திடீரென்று பறக்கவிடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

தமிழ்நாடு அரசு 2019-இல் 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மலைக்காடுகளில் வாழ்வது. உங்கள் மாடிக்கு வரப்போவது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகிதான். அடுத்த முறை இலை கிள்ளும்போது, பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே தட்டிவிடாதீர்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அது மெல்ல நகரலாம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.